வடத்துக்கு எட்டாவது ஆள்

மாவடிப்பொட்டல் தரையைவிட்டுக் கிளம்பியது ஓர் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில். கொடி ஏறி, பூ உதிர்ந்து, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முடித்து, பேச வந்தவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, சுடலைமாடன் கோயில், பள்ளிவாசல், மீரான் டீக்கடை, எழுநூற்று அறுபத்தெட்டு வீடு, அத்தனை வீட்டுக் கோழி, அத்தனை கோழியின் குஞ்சு என எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஊர் ஒரு தென்னை உயரத்துக்கு ஏறி நின்றது. சத்தம் கிடையாது. கிளாசில் டீ தளும்பவில்லை. ஏன் ஏறியது என்று கேட்டவர்கள் குறைவு. பதில் சொன்னவர் யாருமில்லை. ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

தங்கபுஷ்பம் அப்போது தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவளுக்கு. நாற்பத்தாறு வயது, கழுத்தில் விசில், இடுப்பில் எந்தத் தெருவுக்கு எப்போது முறை என்று எழுதிய நோட்டு. உயரத்தில் நின்றதால் மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள். ஏறியதோடு நிற்கவில்லை ஊர். மேற்கே பார்த்து மெல்ல நடக்க ஆரம்பித்திருந்தது.

"ஏ, ஊரு போகுதுய்யா! பிடிங்க!"

எதைப் பிடிப்பது? ஆடித் தேரோட்டம் முடிந்து காயப்போட்டிருந்த தேர்வடம் கீழத்தெருவில் கிடந்தது. அதன் ஒரு முனை ஊர் எல்லைப் புளியமரத்தில் கட்டியிருந்தது. புளியமரம் தரையிலேயே தங்கிவிட்டது. மறுமுனை சாரைப்பாம்பு மாதிரி தெருவோடு ஓடிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் விசிலை ஊதிய ஊதில் எட்டுப் பேர் அதன் மேல் விழுந்தார்கள். ஊர் நின்றது.

பிறகு அதை எதிலாவது கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டுத் தூணில் கட்டினார்கள். தூண் முள்ளங்கி மாதிரி பிடுங்கிக்கொண்டு வந்தது. லாரியில் கட்டினார்கள், லாரி வடத்தோடு சேர்ந்து எல்லைவரை உலாப் போய் வந்தது. இரண்டு கிரேன் வைத்திருந்த மாசிலாமணி தன் பங்குக்குக் கீழேயிருந்து கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பினார். அவர்கள் கையில் வடம் விலாங்கு மாதிரி வழுக்கியது. ஊர்க்காரன் கைக்கு மட்டும்தான் நின்றது. எட்டுப் பேர் பிடித்தால் அசையாமல் நின்றது. அதுவும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது, சோறு ஆறிக்கொண்டிருந்தது, அதனால் தங்கபுஷ்பம் நோட்டைத் திறந்து தண்ணீர் முறை எழுதியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வடத்து முறை எழுதினாள். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு முறைக்கு எட்டுப் பேர், இரண்டு மணி நேரம். எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். மாசிலாமணியின் பெயரும் இருந்தது.

"எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்ல தங்கபுஷ்பம்" என்றார் மாசிலாமணி.

"யாருக்கு அண்ணாச்சி நேரமிருக்கு? நான் என்ன பல்லாங்குழியா ஆடுதேன்?"

அவர் வரவில்லை. அவருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை பிடித்தார். அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மேலே போன பிறகுதான் மேலே என்றால் என்ன என்று தெரிந்தது. மூட்டுவலி போனது. குடம் தூக்கினால் குடமும் கொஞ்சம் தூக்கியது. சண்டைக்கு நின்ற இரண்டு பேர் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்தால் இரண்டு பேரும் ஒரு முழம் எழும்பி, அங்கேயே தொங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்துவிட்டு இறங்கினார்கள். கல்லூரிக்குப் போகிற பெண்கள் நடக்கிற நடையில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி மிச்சமிருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் தரைக்குப் போய்வரச் சாத்திய ஏணி. ஐம்பத்திரண்டு படி. முன்பெல்லாம் ஜீப்பில் ஹாரன் அடித்துக்கொண்டே நடுத்தெருவுக்கு வந்து, இறங்காமலே, "எவம்ல இங்க பொறுப்பு?" என்று கேட்கிற அதிகாரிகள் இப்போது ஐம்பத்திரண்டு படி ஏறி, வேர்த்து, மூச்சு வாங்கி, தலையை மட்டும் மேலே நீட்டி, "வரலாமா?" என்று கேட்டார்கள். மூச்சு வாங்குகிறவனால் அதட்ட முடியாது. மோர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார்கள். வந்தவர்களும் மோரைக் குடித்துவிட்டு நியாயத்தையே பேசினார்கள், அவர்களுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"நம்ம ஊரு மட்டுமா தொங்குது?" என்பார் டீக்கடை மீரான், ஆற்றிக்கொண்டே. "நாடே இப்படித்தான் தொங்குது. நமக்குக் கயிறு கண்ணுக்குத் தெரியுது, அங்க தெரியல. இதுல என்ன இருக்கு? சீனி போடவா வேண்டாமா, அதச் சொல்லு."

தை மாதம் ஒரே நாளில் பதினோரு கல்யாணம். அப்படி ஒரு முகூர்த்தம் இனி ஐந்து வருஷத்துக்கு இல்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அன்று காலை எட்டு மணி முறையில் எட்டாவது பெயர் தங்கபுஷ்பத்தினுடையது. அன்றைக்குத் தாலி கட்டுகிறவர்களில் ஒருவன் அவள் தங்கை மகன்.

முதலில் போனவன் பால்காரன் வன்னியராசு. "யக்கா, எங்க மாமன் மவ கல்யாணம். ஒரு எட்டுப் பாத்துட்டு ஓடி வந்துருதேன். ஏழு பேரு இருக்கீங்கள்லா?" ஏழு பேர் இருந்தார்கள். பிறகு ஆறு பேர் இருந்தார்கள். பிறகு ஐந்து. போகிற ஒவ்வொருவரும் மீதி ஆளை எண்ணிச் சொல்லிவிட்டு, எண்ணியதிலேயே திருப்திப்பட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார்கள். ஏழாவதாகப் போனவள், "ஒங்க ஒரு கை போதும்க்கா, ஊரு ஒங்க பேச்சத் தட்டாது" என்று கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

தங்கபுஷ்பம் தனியாக நின்றாள். வடம் கனக்கவில்லை. அதுதான் வினை. கனத்திருந்தால் பயந்திருப்பாள். பூமாலை மாதிரி கையில் கிடந்தது. பட்டுச்சேலை கசங்காமல் நிற்க முடிந்தது. தங்கை வீட்டுப் பக்கமிருந்து கெட்டிமேளம் எழுந்தது, அவள் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு அடிக்கிற மேளம், அவள் போகாமல் எப்படி? வடத்தை மெல்லத் தரையில் வைத்தாள். உறங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரிதான் வைத்தாள். ஓடினாள். இரண்டு நிமிஷம்.

இரண்டு நிமிஷத்தில் மாவடிப்பொட்டல் மேற்கே சாய்ந்தது. பதினோரு பந்தலிலும் இலையில் இருந்த பாயசம் ஒரே நேரத்தில் அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது, சாம்பார் வாளிகள் பின்னாலேயே ஓடின, நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே சறுக்கினார், சுருதி விடவில்லை, மாப்பிள்ளைகள் மணையோடு தெருவில் இறங்கினார்கள், படகு மாதிரி வரிசையாகப் போனார்கள், வடக்குத்தெரு மாப்பிள்ளை நடுத்தெருப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்று, நீட்டிய கையில் தாலியோடு, "இது யாரு?" என்று கேட்டான். "நீ யாருடே மொதல்ல?" என்றாள் அவள். சறுக்கியவர்கள் பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று துழாவியபோது, சறுக்கிக்கொண்டே கூட வந்த வடத்தின் வால் கையில் அகப்பட்டது. விழாமல் இருக்கத்தான் பிடித்தார்கள். அவர்கள் ஊர் எல்லையைத் தொட ஒரு முழம் மிச்சமிருந்தது. ஊர் நின்றது.

முதலில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு எல்லையில் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

"முறையில யாரு இருந்தா?" என்று கேட்டார்கள். ஏழு பேரும் குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். நோட்டு அவள் இடுப்பில் இருந்தது.

"எல்லாரும்தான் இருந்தோம்" என்றாள் அவள். "எட்டுப் பேரும் பிடிச்சோம். காத்து அப்படி. கையால பிடிச்சு நிக்காது போல."

பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் நன்றாக நம்பினார்கள். வீட்டுக்குப் போய் அன்றைய முறை எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்து, மடித்து, விசிலின் உள்ளே திணித்தாள். அன்றிலிருந்து விசில் கொஞ்சம் கரகரத்தது.

மறுநாளே மாசிலாமணி வந்தார். கையில் வரைபடம்.

"அவளே சொல்லிட்டா, கையால நிக்காதுன்னு. ஆளை நம்பி ஊரைத் தொங்கவிடலாமாய்யா? நாலு கொக்கி, நாலு சங்கிலி, கீழ என் கிரேன். நீங்க நிம்மதியா இருங்க. இரும்பு கல்யாணத்துக்குப் போகாது."

கைதட்டினார்கள். தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள், விசிலுக்குள் இருந்த காகிதம் நினைவுக்கு வந்தது, அவளும் கைதட்டினாள்.

ஊரின் அடிவயிற்றுப் பாறையில் துளைபோட்டுக் கொக்கி மாட்டினார்கள். சங்கிலி இறுகியதும் எல்லாருக்கும் மூட்டு வலித்தது. குடம் பழைய குடமானது. முறை இல்லாததால் எட்டு எட்டுப் பேராக நின்று பேசுவதும் இல்லை. எதிர்வீட்டில் யார் பிழைத்தார், யார் படுத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வடத்தைப் புளியமரத்திலிருந்து அவிழ்க்காமலே கீழத்தெருவில் நீளமாகக் கட்டி, துணி காயப்போட்டார்கள். தொடைத் தடிமனுக்கு ஒரு துணிக்கொடி! பெட்ஷீட் போட வசதியாக இருந்தது.

மாசிலாமணி கெட்டவர் இல்லை. கையில் ஒரு நெம்புகோல் இருந்தது, அவ்வளவுதான். லாரி ஏறத் தோதாக ஒரு முழம் இறக்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முழம், பிறகு இன்னொன்று என்று வண்டி ஏறுகிற உயரத்துக்கே வந்துவிட்டது. ஏணி எதற்கு என்று எடுத்துப் பஞ்சாயத்துக் கொட்டகையில் போட்டார். வயலுக்கு இறங்குகிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று ஒரு போர்டு வந்தது. பிறகு சொல்லிவிட்டு என்பதை அழித்துக் கேட்டுவிட்டு என்று எழுதினார்கள். ஜீப் மறுபடி ஹாரன் அடித்துக்கொண்டு நடுத்தெருவரை வந்தது.

"அண்ணாச்சி, ஊரையே ஒங்க வீட்டு ஊஞ்சலா ஆக்கிட்டீயளே, ஆட்டிவிட ஆள் வேணுமா?" என்று மீரான் ஒரு நாள் கேட்டார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் காலை தெற்குச் சங்கிலி மட்டும் குறைந்திருந்தது. டீக்கடைத் தெரு முழுக்கச் சரிந்து நின்றது. மீரான் ஒரு காலை மடக்கி நின்று டீ ஆற்றினார். கிளாசுகள் வைத்த இடத்தில் நிற்கவில்லை.

தங்கபுஷ்பம் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "மீரானுக்கு வாய் கூடுதல்" என்றார்கள். "எங்க தெரு நேராத்தான இருக்கு" என்றார்கள். அடுத்த மாதம் அந்தத் தெருவும் சரிந்தது. அவள் நேரே கிரேனுக்கே போனாள்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நீங்க எல்லாரும்தான கேட்டீங்க? நீதான சொன்ன, கையால நிக்காதுன்னு?"

வந்த வழியே திரும்பினாள். வீட்டில் சைக்கிள் கடைக்காரர் இசக்கிமுத்து, அவள் கணவர், டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பேயடிச்ச மாதிரி வார, என்னட்டி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா விசில எதுக்குக் கடிச்சிக்கிட்டிருக்க?"

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. சங்கிலி தேய்கிறது, டீசல் ஆகிறது, ஆகவே வருகிற ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடி ஏற்றி முடித்ததும் ஊர் தரையில் இறக்கப்பட்டு, சுற்றிலும் இரும்புக் கம்பி அடித்து நிலையாக நிறுத்தப்படும். ஒரு தடவை மண்ணைத் தொட்டுவிட்டால் பிறகு ஏறாது. இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரிந்திருந்தது, அவை கூரையைவிட்டு இறங்க மறுத்தன.

ஆகஸ்ட் பதினைந்து. ஊருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம்தான் பாக்கி. கொடி ஏறியது, பூ உதிர்ந்தது, மிட்டாய் கொடுத்தார்கள், யாரும் வாயில் போடவில்லை. கீழே கிரேன் உறுமியது. பேச வந்தவர் மைக்கைத் தட்டினார். அந்தத் தட்டின் மேல் விசில் விழுந்தது. விசில் என்றால் சாதாரண விசில் இல்லை. காகிதத்தை உருவி எடுத்துவிட்ட, ஏழு மாதமாக அடைத்துக்கிடந்த விசில். மைக்குக்காரர் காதைப் பொத்தினார். எல்லாரும் நிமிர்ந்தார்கள். தண்ணீர்த் தொட்டி மேல் தங்கபுஷ்பம் நின்றாள். கையில் ஒரு கசங்கிய தாள்.

"காத்தும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல!" என்று கத்தினாள். "அன்னிக்கு நான்தான் விட்டேன். கெட்டிமேளம் கேட்டு ஓடிட்டேன். எட்டாவது ஆளு நான். வடம் ஒண்ணும் செய்யல, கை ஒண்ணும் செய்யல. நான் விட்டேன். பொய் சொன்னேன். அந்தப் பொய்யிலதான் இந்தச் சங்கிலி தொங்குது. போதுமா?"

அவள் ஏச்சுக்குத் தயாராக நின்றாள். ஊரே ஏசினாலும் சரி, துப்பினாலும் சரி, இறங்கிப் போய்ச் செய்ய ஒரு வேலை பாக்கியிருந்தது.

"அவ எட்டாவதுன்னா நான் மொதலாவது" என்றான் வன்னியராசு, தரையைப் பார்த்துக்கொண்டு. "மாமன் மவ கல்யாணம். மாமன் எனக்கு அவளக் கட்டித் தரலங்குறது வேற விஷயம்." பிறகு மீதி ஆறு பேரும் சொன்னார்கள், ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி. பிறகு, அன்றைய முறையிலேயே இல்லாத ஒருவர், "நான் அதுக்கு முந்தின மாசம் பிடிச்சிக்கிட்டே உறங்கிட்டேன்" என்றார். "நான் என் முறைக்குப் புருஷன அனுப்பிட்டு சீரியல் பாத்தேன்" என்றாள் இன்னொருத்தி. "தெரியும், அவரு எங்க வீட்டுலதான் சீட்டாடிக்கிட்டிருந்தாரு" என்றது ஒரு குரல். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு புறப்பட்டது.

தங்கபுஷ்பம் அதற்குள் கீழத்தெருவுக்கு ஓடிவிட்டாள். வடத்தில் பெட்ஷீட்டும் சேலையும் வேட்டியும் தொங்கின, உதறி வீசினாள், முனையை அவிழ்த்துக் கைகளில் சுற்றிப் பிடித்துக் காலை ஊன்றினாள். சங்கிலி கீழே இழுத்தது. இந்தத் தடவை வடம் கனத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஊர் இன்னும் அரை முழம் இறங்கியது.

பின்னால் யாரோ பிடித்தார்கள். டயர் பசை நாற்றம், இசக்கிமுத்து.

"விசில எதுக்குக் கடிச்சன்னு இப்ப தெரியுது" என்றார்.

"பேசாம இழுங்க."

மூன்றாவதாக வன்னியராசு. நாலாவதாக ஒரு காலை மடக்கியே பழகிப்போன மீரான், நொண்டி நொண்டி வந்து. எட்டானதும் ஊர் இறங்குவது நின்றது. ஒன்பதாவது ஆள் தொட்டதும் சிலிர்த்தது. பிறகு யார் எண்ணினார்கள்? பள்ளிக்கூடம் வந்தது, பள்ளிவாசல் வந்தது, சுடலைமாடன் கோயில் பூசாரி உடுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், பதினோரு ஜோடிகளும் வந்தார்கள், மைக்கைத் தட்டியவர்கூட மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார், வடம் போதாமல் முன்னால் நின்றவர் இடுப்பைப் பின்னால் நின்றவர் பிடித்தார், கால்கள் தரையைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பின, மூட்டுவலி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது, மாவடிப்பொட்டல் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு விருட்டென்று மேலே ஏறியது, நாலு சங்கிலியும் விறைத்து, கீழே கிரேன் சக்கரத்தைத் தூக்கி, மூக்கைத் தூக்கி, கடைசியில் தன்னையே தூக்கிக்கொண்டு அந்தரத்தில் பம்பரமாகச் சுற்றியது. கிரேனுக்குள் மாசிலாமணி இருந்தார்.

தங்கபுஷ்பம் எல்லைக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி! சங்கிலிய விடுதீயளா, இப்படியே கூட வாரீயளா?"

"விட்டா விழுந்துருவேன்!"

"கீழ குளந்தான். சேறு. ஒண்ணும் ஆவாது. நெம்புகோல விடுங்க!"

மாசிலாமணி கையைப் பார்த்தார். ஏழு மாதமாக விடாத கை. ஒவ்வொரு விரலாக எடுத்தார். கிரேன் குளத்துச் சேற்றில் எருமை மாதிரி பொத்தென்று உட்கார்ந்தது. கொக்கிகள் பாறையைவிட்டுப் பல் மாதிரி கழன்றன. ஊர் பழைய தென்னை உயரத்தைத் தாண்டி, இன்னும் ஒரு பனை உயரம் போய், அங்கே நின்று, சுகமாக மூச்சு விட்டது. தெருக்கள் நேராயின. மீரான் இரண்டு காலிலும் நின்று பார்த்தார், கொஞ்ச நேரம் எது எந்தக் கால் என்று பிடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாரும் மிட்டாயை வாயில் போட்டார்கள்.

ஏணிக்கு இன்னும் எழுபது படி சேர்க்க வேண்டியிருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் அதில் ஒரு தலை தெரிந்தது. வேர்த்து, மூச்சு வாங்கி, காதோரம் குளத்துச் சேறு காய்ந்து.

"வரலாமா?" என்றார் மாசிலாமணி.

தங்கபுஷ்பம் மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள். நோட்டைத் திறந்தாள். ஒட்டுப் போட்ட பழைய பக்கத்துக்கு அடுத்த பக்கம்.

"நாலு மணி முறை. எட்டாவது பேரு ஒங்களுது. நேரமாச்சு."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழு பேருக்குப் பின்னால் போய் நின்றார். கூசிக்கொண்டுதான் தொட்டார், வழுக்கவில்லை. உள்ளங்கைக்குள் வடம் லேசாக முனகுவது தெரிந்தது. அவருடைய கனத்த உடம்பு குதிகாலில் இருந்து ஒரு விரல்கடை எழும்பியது; குழந்தை மாதிரி சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும் தங்கபுஷ்பம்?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த எட்டுப் பேரு வருவாவ."

"வரலன்னா?"

தோல் உரிந்து புதுத்தோல் வந்த கையால் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள் தங்கபுஷ்பம். மேலத்தெருவுக்குத் தண்ணீர் திறக்க வேண்டும், நேரமாகிவிட்டது.

"வரலன்னா நீங்க விடாதீங்க" என்றாள்.